கத்திரி வெயிலும் மின்காரின் ஏசி இரைச்சலும்: வாசகர் கேள்வி–பதில்

மின்கார் பற்றி இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் ஏசி சத்தத்தையே சுற்றி வந்ததால், வேறு எதையும் கலக்காமல் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: மதுரை ரோட்டில் ஃபாஸ்ட் சார்ஜரில் மத்தியானம் வண்டியைப் போட்டால் பானட்டுக்குள் மாவு மில் ஓடுவதுபோல இரைகிறது. அந்த நேரத்தில் ஏசியே போடவில்லை, வண்டிக்குள் ஆளும் கிடையாது. வீட்டில் ராத்திரி சார்ஜ் போட்டால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கம்ப்ரஸர் போய்விட்டதா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: கம்ப்ரஸர் நன்றாக இருக்கிறது. உங்களுக்காக ஓடாமல் பேட்டரிக்காக ஓடுகிறது, அவ்வளவுதான். லித்தியம் பேட்டரிக்கு நம்மைப் போலவே 20, 30 டிகிரிதான் தோது. ஃபாஸ்ட் சார்ஜரில் 50 கிலோவாட் ஏறும்போது நூற்றுக்கு நான்கு பங்கு வெப்பமாகக் கழிந்தாலும் 2 கிலோவாட் ஆகிறது. இரண்டு இஸ்திரிப்பெட்டியைப் பேட்டரிக்குள் வைத்த மாதிரி. தார் ரோட்டின் காந்தல் கீழிருந்து வேறு ஏறுகிறது. பெரும்பாலான கார்களில் பேட்டரியைச் சுற்றி ஓடும் கூலன்ட்டைக் குளிர்விக்க ‘சில்லர்’ என்றொரு சின்னப் பெட்டி உண்டு. நாம் உட்காரும் இடத்தைக் குளிர்விக்கிற அதே கம்ப்ரஸர், அதே கேஸ்தான் இதற்கும். அதனால் ஏசி பட்டன் அணைந்திருந்தாலும் கம்ப்ரஸர் முழு வேகத்தில் சுற்றும், முன்பக்க ஃபேனும் உச்சத்தில் இரையும். வீட்டில் 3.3 அல்லது 7.2 கிலோவாட்டில், அதுவும் ராத்திரியில் ஏற்றும்போது சூடு பெரிதாக எழும்புவதில்லை, சத்தமும் இல்லை.

பெட்ரோல் காரில் கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடும். சிக்னலில் என்ஜின் வேகம் குறைந்தால் அதுவும் குறையும். மிச்சச் சத்தத்தை என்ஜினே மூடிவிடும். மின்காரின் கம்ப்ரஸருக்குத் தனி மோட்டார். நிமிடத்துக்கு ஆயிரத்துக்குக் கீழிருந்து எட்டாயிரம் சுற்றுவரைகூட, வண்டி நின்றாலும் ஓடினாலும், தேவைக்கேற்பப் போகும். நெசவு மில் ஓடும் தெருவில் தையல் மிஷின் சத்தம் யார் காதிலும் விழாது. மில்லுக்கு லீவு விட்ட அன்றுதான் அப்படியொன்று இருப்பதே தெரியும்.

சத்தம் படிப்படியாக ஏறி, சார்ஜ் 80 சதவீதத்தைத் தாண்டி மின்சாரம் குறையக் குறைய இறங்கி, பிளக்கை எடுத்துச் சில நிமிடத்தில் ஓய்ந்தால் எல்லாம் சரி. இரைச்சலோடு ‘கரகர’ என்று உரசலோ, நின்று நின்று ‘டமார்’ என்று உதறலோ வந்தால் ஃபேன் பிளேடையும் அதன் கூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். நிழலுள்ள சார்ஜராகத் தேடுங்கள், முடிந்தால் பொழுது சாய்ந்தபின் போடுங்கள். பானட்மேல் ஈரச் சாக்கு விரிக்கும் வழக்கம் ஒன்று பார்க்கிறோம். அது முன்கிரில்லில் தொங்கிக் காற்றை அடைத்தால் இரைச்சல் கூடத்தான் செய்யும்.

கேள்வி: வேப்பமரத்தடியில்தான் வண்டி நிற்கும். ப்ளோயரை மூன்றுக்கு மேல் வைத்தால் இடதுபக்க டேஷ்போர்டுக்குள் ‘படபட’ என்று அடிக்கிறது. ஒன்றில் வைத்தால் இல்லை. காற்றும் முன்புபோல் வரவில்லை, போட்டதும் மக்கல் வாடை வேறு.
– வாசகி, வள்ளியூர்

பதில்: மூன்று அடையாளமும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. ஏசி ஃபில்டர் அடைத்திருக்கிறது, அதன் ஓரமாக இலையோ காம்போ நழுவி ப்ளோயர் உருளைக்குள் விழுந்திருக்கிறது. வேப்பிலைக் காம்பு மெலிசு. வைப்பர் அடியிலுள்ள காற்று வாய்வழியாகச் சுலபமாக இறங்கும். ஆனி, ஆடியில் உங்கள் பக்கம் வீசுகிற காற்றுக்குக் கேட்கவே வேண்டாம்.

வீட்டிலேயே பார்க்கலாம். வண்டியை முழுவதும் அணைத்து, சார்ஜர் பிளக்கை எடுத்துவிடுங்கள். முதலில் வைப்பருக்குக் கீழே கண்ணாடியோரம் உள்ள கறுப்புச் சல்லடையில் கிடக்கும் சருகைக் கையால் அள்ளுங்கள். ஊதித் தள்ளினால் உள்ளேதான் போகும். பிறகு கிளவ் பாக்ஸைக் காலி செய்து, இரண்டு பக்கச் சுவரையும் உட்பக்கமாக அழுத்தினால் அது கீழே சாயும். பக்கவாட்டில் ஒரு சின்னக் கயிறோ கொக்கியோ இருந்தால் அதை முதலில் கழற்றுங்கள். பலரும் உடைப்பது அதைத்தான். பின்னால் ஒரு நீளமான மூடி. இருபுறக் கிளிப்பை அமுக்கி எடுத்தால் ஃபில்டர் வரும். வெளியே இழுக்கும்போது தட்டையாகப் பிடியுங்கள், சாய்த்தால் மேலே கிடக்கும் குப்பை முழுவதும் ப்ளோயருக்குள் கொட்டும். ஏற்கெனவே உள்ள இலையோடு இதுவும் சேர்ந்துகொள்ளும்.

ஃபில்டர் விளிம்பில் காற்றுப் போகும் திசைக்கு அம்புக்குறி இருக்கும். பழையது எப்படி இருந்தது என்று போனில் ஒரு படம் எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். சாம்பல் நிறமாகிவிட்ட ஃபில்டரைத் தட்டிப் போடுவதும் தண்ணீரில் அலசிப் போடுவதும் வேண்டாம். தாள் மடிப்பு ஊறினால் விரிந்து ஓரத்தில் இடைவெளி விடும். வாடைக்கு, கரித்தூள் சேர்த்த ஃபில்டர் கொஞ்சம் உதவும். அதன் விலை கூடுதல், கட்டாயமில்லை. கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது வருடத்துக்கு ஒருமுறை என்று போட்டிருந்தாலும், மரத்தடியில் நிற்கும் வண்டிக்கு 5,000-இல் ஒருமுறை திறந்து பாருங்கள். ப்ளோயர் உருளைக்குள் விழுந்த இலையை எடுக்க, ஃபில்டர் இருந்த ஓட்டைவழியே வாக்குவம் குழாயை நுழைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் ப்ளோயரைக் கீழே இறக்க வேண்டும். மூன்று ஸ்குரூ வேலைதான் என்றாலும் இடம் குறுகல், பழகிய கைக்கு விடுங்கள்.

இலையை எடுத்தபின்னும் சத்தம் இருந்து, அது ‘படபட’ இல்லாமல் ‘கீச்’ என்று இழுத்தால் மோட்டார் புஷ் தேய்ந்திருக்கிறது. எண்ணெய் விட்டால் ஒரு வாரம் அடங்கும், மறுபடி கத்தும். மோட்டாரை மாற்றுவதே வழி. ஃபில்டரைத் திறக்கும்போது பஞ்சும் தேங்காய்நாரும் கிடைத்தால் அணில் குடியிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஒயர்களையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் தேரிப் பக்கம். வண்டி வாங்கி இரண்டு வருடம். முதல் வருடக் கோடையைவிட இப்போது ஃபேன் இரைச்சல் அதிகம். ஓடும்போது ஏசி நன்றாகக் குளிர்கிறது, கடைத்தெருவில் நின்றால் காற்று வெதுவெதுப்பாகிவிடுகிறது. ‘கேஸ் அடிக்கணும்’ என்கிறார்கள். அடிக்கலாமா?
– வாசகர், திசையன்விளை

பதில்: அவசரப்பட்டு அடிக்க வேண்டாம். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. ஓடும்போது குளிர்ந்து, நின்றால் குளிராத ஏசியில் முதல் சந்தேகம் கேஸ்மேல் வரக்கூடாது. கேஸின் வெப்பத்தை வெளியே விடுகிற கண்டென்சர் வழியாகக் காற்றுப் போகிறதா என்பதுதான் கேள்வி. கேஸ் குறைந்திருந்தால் ஓடினாலும் நின்றாலும் குளிர் குறைவாகத்தான் இருக்கும்.

முன்கிரில்லுக்குப் பின்னால் முதலில் நிற்பது கண்டென்சர், அதன் பின்னால் ரேடியேட்டர், கடைசியில் ஃபேன். கண்டென்சரின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டர் கணக்கில்தான். தேரியின் செம்மண் மாவுபோல மெலிசு. அதில் பூச்சியும் பனியீரமும் சேர்ந்தால் பூச்சு வேலை செய்ததுபோல இறுகிவிடும். வெப்பம் வெளியேறாவிட்டால் கேஸின் அழுத்தம் ஏறும், கம்ப்ரஸர் அதிக மின்சாரம் இழுக்கும், வண்டியின் கம்ப்யூட்டர் ஃபேனை உச்சத்துக்கு விரட்டும். நீங்கள் கேட்பது அந்த விரட்டல். இந்த நிலையில் கேஸை வேறு கூடுதலாக ஏற்றினால் அழுத்தம் இன்னும் ஏறி, கம்ப்ரஸர் முனகத் தொடங்கும்.

கழுவுவது எளிது, கெடுப்பது அதைவிட எளிது. வண்டியை அணைத்து, சார்ஜர் பிளக்கை எடுத்து, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். மின்காரில் முன்ஃபேன் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றும், விரலை நுழைக்காதீர்கள். தோட்டக் குழாயை விரலால் பாதி மூடினால் வருகிற வேகம் போதும். தகட்டுக்கு நேராக, மேலிருந்து கீழாக, பத்து நிமிடம் பொறுமையாக விடுங்கள். மண் ஊறியதும் மெத்தென்ற பிரஷ்ஷால் தகடு நிற்கும் திசையிலேயே தடவுங்கள். குறுக்கே தேய்த்தால் தகடு மடியும். பவர் வாஷை முன்கிரில்லில் பிடிக்க விடாதீர்கள்; ஒரே நொடியில் தகடு சாய்ந்து, மண் அடைத்ததைவிட மோசமாக அடைத்துவிடும். சோடா, ஆசிட், துணி சோப்பு எதுவும் வேண்டாம். இன்னொன்று: உங்கள் பக்கத்துப் போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்பு. அதில் கழுவிக் காயவிட்டால் வெள்ளைப் படலம் தங்கும். இரண்டு குடம் நல்ல தண்ணீரில் கடைசியாக அலசிவிடுங்கள். உவரி, பெருமணல் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு இந்த அலசல் மாதத்துக்கு ஒருமுறை. உப்புக்காற்றில் கண்டென்சர் பொடிந்துபோய் கேஸ் கசிவது அங்கே வழக்கமான நோய்.

சில வண்டிகளில் கிரில்லுக்குப் பின் திறந்து மூடும் பிளாஸ்டிக் ஷட்டர் உண்டு. மண் சிக்கினால் அது பாதி மூடியபடியே நின்றுவிடும். டார்ச் அடித்துப் பாருங்கள். இவ்வளவும் செய்தபின் நிற்கும்போது குளிரவில்லை என்றால், ஃபேன் உச்ச வேகத்துக்கு வருகிறதா என்று சர்வீஸில் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். கேஸ் பேச்சு அதற்கு அப்புறம்.

கேள்வி: பக்கத்துக் கடையில் ஏசிக்குக் கேஸ் ஏற்றினேன். நாலு நாள் நன்றாகக் குளிர்ந்தது. பிறகு ‘ஙொர்ர்’ என்று அடித்தொண்டையில் ஒரு சத்தம். போன வாரம் திரையில் இன்சுலேஷன் பற்றி எச்சரிக்கை வந்தது, ஒருநாள் வண்டி ‘ரெடி’க்கே வரவில்லை. கேஸுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், மேலப்பாளையம்

பதில்: நேரடிச் சம்பந்தம் இருக்க வாய்ப்பு அதிகம். ஏசியைப் போடாமல், வண்டியை டோ செய்து, உயர் மின்னழுத்த வேலை தெரிந்த சர்வீஸுக்குக் கொண்டுபோங்கள்.

பெட்ரோல் காரின் கம்ப்ரஸருக்குள் மின்சாரம் கிடையாது. அதில் கேஸோடு சுற்றும் எண்ணெய் பெரும்பாலும் ‘பேக்’ எனப்படும் வகை. மின்காரில் கம்ப்ரஸரும் மோட்டாரும் ஒரே உருளைக்குள். 300, 400 வோல்ட்டில் ஓடும் மோட்டார்ச் சுருளைத் தொட்டுக்கொண்டுதான் கேஸும் எண்ணெயும் போகின்றன. எனவே இதற்கு மின்சாரம் கடத்தாத எண்ணெய்தான் போட வேண்டும், பெரும்பாலும் அது ‘பிஓஇ’ எனப்படும் வகை. பேக் எண்ணெய் கலந்தால் சுருளின் காப்பு பலவீனப்பட்டு, மின்சாரம் வண்டியின் உடம்புக்குக் கசியத் தொடங்கும். வண்டி அதை அளந்துகொண்டே இருப்பதால் எச்சரிக்கை தரும், கசிவு எல்லை தாண்டினால் கிளம்ப மறுக்கும். திரையில் வந்த எச்சரிக்கையை மின்சாரக் கோளாறு என்று நினைத்துப் பேட்டரியைச் சந்தேகப்படுபவர்கள் உண்டு. கேஸ் ஏற்றிய தேதியைச் சர்வீஸில் மறக்காமல் சொல்லுங்கள்.

கடைக்காரர் எண்ணெயே ஊற்றவில்லை என்று சத்தியம் செய்யலாம், அது உண்மையாகவும் இருக்கலாம். காலையில் அதே மிஷினில் பெட்ரோல் கார் ஒன்றுக்குக் கேஸ் ஏற்றியிருப்பார். ஹோஸில் ஒட்டியிருந்த அந்த எண்ணெய் உங்கள் வண்டிக்குள் போயிருக்கும். அதனால்தான் மின்காருக்குத் தனி மிஷின், இல்லாவிட்டால் ஹோஸை அலசும் வசதியுள்ள மிஷின் வேண்டும் என்கிறார்கள். எண்ணெய் கலந்தது உறுதியானால், அலசி மட்டும் முடிப்பதைப் பல தயாரிப்பாளர்கள் ஏற்பதில்லை. கம்ப்ரஸர், கண்டென்சர், குழாய்கள், கேஸின் அழுத்தத்தை இறக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வ் என்று ஒரு நீண்ட பட்டியல் வரும். செலவு பெரிது, மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

‘ஙொர்ர்’ சத்தத்துக்குக் கேஸ் அளவு கூடியதும் காரணமாகலாம். பானட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் எந்தக் கேஸ், எத்தனை கிராம், எந்த எண்ணெய் என்று அச்சிட்டிருக்கும். ஆர்134ஏ என்ற கேஸ் இருக்கும் இடத்தில் 1234ஒய்எஃப் என்ற கேஸ் போகாது, அதன் இடத்தில் இதுவும் போகாது. சில்லர் உள்ள மின்காரில் குழாய் நீளம் அதிகம். ‘இந்த சைஸ் வண்டிக்கு இவ்வளவு’ என்று மனக்கணக்குப் போடுகிற அண்ணாச்சிகள் அங்கேதான் தவறுகிறார்கள். கேஜ் முள்ளைப் பார்த்தும் நிறுத்தக்கூடாது. கம்ப்ரஸர் வேகத்தைத் தானே மாற்றிக்கொள்வதால் முள் நிலைக்காது. இருக்கும் கேஸை முழுவதும் இழுத்து எடைபோட்டு, குறைந்தது அரைமணி வாக்குவம் வைத்துக் கசிவு பார்த்து, ஸ்டிக்கரில் உள்ள கிராம் கணக்கில் மறுபடி ஏற்ற வேண்டும். இழுத்த எடை குறைவாக இருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்கும் திரவம் என்று டின்னில் விற்பதை இதில் ஊற்றவே கூடாது.

இனி எந்தக் கடைக்குப் போனாலும் வண்டியை விடுமுன் இரண்டே கேள்வி கேளுங்கள்: ‘எண்ணெய் எது? மிஷின் எடைபோடுமா?’ பதிலில் தயக்கம் தெரிந்தால் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி: ஏசியை அணைத்தபின் டேஷ்போர்டுக்குள் ‘உஸ்ஸ்’ என்று ஒரு நிமிடம் கேட்கிறது. வளைவில் திரும்பினால் குடத்தில் தண்ணீர் அலம்புவதுபோலவும் கேட்கிறது.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: ‘உஸ்ஸ்’ இயல்பு. எக்ஸ்பான்ஷன் வால்வின் இருபுறமும் இருந்த அழுத்தம் சமமாகிறது. அலம்பல் இயல்பில்லை. கூலிங் காயிலில் ஊறும் தண்ணீர் வெளியேறும் ரப்பர்க் குழாய் அடைத்திருக்கிறது. ஏசி போட்டுக் கால்மணி நேரம் நின்றபின் வண்டிக்கடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். சொட்டாவிட்டால் இடதுபக்கக் கால்மிதிக்கு அடியில் கை வையுங்கள், ஈரமாக இருக்கும். குழாயின் வெளிமுனையில் மென்மையான பிளாஸ்டிக் ஒயரை நுழைத்தால் சேறு வரும். கம்பியால் குத்தாதீர்கள். முனை எங்கே என்று தெரியாவிட்டால் நீங்களாகத் தேட வேண்டாம். அந்தப் பக்கத்திலேயே ஆரஞ்சு நிறக் கேபிள்கள் போகலாம். ஆரஞ்சு உறை என்றால் உயர் மின்னழுத்தம். 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றிவிட்டால் அந்தக் கேபிளில் மின்சாரம் செத்துவிடும் என்று நம்பக்கூடாது.

கேள்வி: வண்டியை ஆன் செய்ததும் டேஷ்போர்டுக்குள் ‘டக் டக் டக்’ என்று பத்து தடவை, பிறகு நின்றுவிடுகிறது. ஒருபக்கம் குளிர், ஒருபக்கம் வெக்கை.
– வாசகர், தச்சநல்லூர்

பதில்: குளிர்க்காற்றையும் சூட்டுக்காற்றையும் கலக்கும் கதவைத் திருப்புகிற சின்ன மோட்டாரில் பிளாஸ்டிக் பல் உடைந்திருக்கிறது. பல் நழுவும் சத்தம்தான் அது. கம்ப்ரஸரோடு இதற்குத் தொடர்பே இல்லை. அந்த மோட்டாரை மட்டும் மாற்றினால் போதும். மாற்றியபின் ஸ்கேனரில் நிலையைப் பதியவைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் புதியதும் தட்டும்.

கேள்வி: அக்னி நட்சத்திரத்தில் வெயிலில் நின்ற வண்டியில் ஏறியதும் ஏசி போடுகிற கூப்பாடு தாங்கவில்லை. குறைக்க வழி உண்டா? ஏசியால் கிலோமீட்டர் எவ்வளவு குறையும்?
– வாசகர், நாங்குநேரி

பதில்: மூடிய காருக்குள் மத்தியான வெயிலில் 60 டிகிரிவரை ஏறும். அந்தச் சூட்டை ஏசியை வைத்து விரட்டாதீர்கள், கண்ணாடியை வைத்து விரட்டுங்கள். நான்கு கண்ணாடியையும் இறக்கி, ப்ளோயரை வெளிக்காற்றில் வைத்து, இரண்டு நிமிடம் ஓட்டுங்கள். பிறகு கண்ணாடியை ஏற்றி உள்காற்றுக்கு மாற்றி ஏசியைப் போடுங்கள். ஏசியை ‘ஆட்டோ’ மோடில் 24 வைத்தாலும் 18 வைத்தாலும் முதல் சில நிமிடம் கம்ப்ரஸர் உச்சத்தில்தான் ஓடும். 18-இல் அது அங்கிருந்து இறங்கவே இறங்காது.

வீட்டில் சார்ஜ் பிளக் மாட்டியிருந்தால் கிளம்பப் பத்து நிமிடம் முன்பு போன் ஆப்பில் ஏசியைப் போட்டுவிடுங்கள். அந்த மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது, கூப்பாடும் நீங்கள் ஏறுமுன் முடிந்திருக்கும். கணக்கு இதுதான்: உள்ளே குளிர்ந்தபின் ஏசி சுமார் 1 கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் மணிக்கு 7 கிலோமீட்டர் போச்சு. நெல்லைக்குப் போய்வர அது பெரிதில்லை. போக்குவரத்தில் சிக்கி நின்றுகொண்டே இருந்தால்தான் உறைக்கும், வண்டி நகராவிட்டாலும் ஏசி தின்றுகொண்டிருக்கும்.

கேள்வி: வேகத்தைப் பொறுத்து மாறாமல், நின்றால் மட்டும் தரையும் ஸ்டீயரிங்கும் சேர்ந்து ‘ம்ம்ம்’ என்று ரீங்கரிக்கிறது. சர்வீஸில் கொண்டுபோனால் அன்றைக்கென்று சத்தம் வராது. ‘எல்லா வண்டியும் இப்படித்தான்’ என்று அனுப்பிவிடுகிறார்கள்.
– வாசகர், கூடங்குளம்

பதில்: காலையில் குளிர்ந்த ஷெட்டுக்குள் வண்டியை விட்டால் சத்தம் எங்கே வரும்? முதலில் நீங்களே பிரித்துப் பாருங்கள். மத்தியானம் நிழலில் நிறுத்தி, ‘ரெடி’யில் வைத்து, ஏசி போடுங்கள். ப்ளோயரை ஒன்றுக்கும் நான்குக்கும் மாற்றும்போது சத்தம் கூடிக் குறைந்தால் ப்ளோயர். ப்ளோயரை அப்படியே விட்டு ஏசி பட்டனை மட்டும் அணைத்ததும் ஒரு சில நொடியில் நின்றால் கம்ப்ரஸர். பட்டனை அணைத்தும் முன்பக்கம் இரைந்துகொண்டிருந்தால் ஃபேன்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கம்ப்ரஸர் அதிர்வு வண்டியின் உடம்புக்கு ஏறுகிறது. கம்ப்ரஸரைத் தாங்கும் ரப்பர் புஷ் இறுகியிருக்கலாம், அல்லது முன்பக்கம் ஏதாவது தட்டி வேலை பார்த்தபோது போல்ட்டைச் சரியான முறுக்கத்தில் மாட்டாமல் விட்டிருக்கலாம். அலுமினியக் குழாய் ஒன்று கிளிப்பிலிருந்து நழுவி பாடியைத் தொட்டாலும் இதே ரீங்காரம்தான். குழாயைக் கையால் அமுக்கிச் சோதிப்பது பெட்ரோல் காரில் பழகிய வித்தை, இதில் வேண்டாம். பக்கத்திலேயே ஆரஞ்சுக் கேபிள் இருக்கும்.

சத்தம் வரும்போது வீடியோ எடுங்கள். திரையில் வெளிவெப்பம், பேட்டரி சதவீதம், ஏசி வைத்த அளவு மூன்றும் தெரியட்டும். பிறகு பட்டனை அணைத்து, சத்தம் நிற்பதும் அதே வீடியோவில் விழட்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு, ஹைவேயில் அரைமணி நேரம் ஓட்டிய சூட்டோடு சர்வீஸுக்குப் போங்கள். ஜாப் கார்டில் ‘ஏசி சத்தம்’ என்று பொதுவாக எழுதவிடாமல், ‘வண்டி நிற்கும்போது, ஏசி போட்டால் மட்டும், தரையில் அதிர்வு’ என்று எழுதச் சொல்லி ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். வாரன்டி முடியப்போகிறது என்றால் அந்த நகலின் தேதிதான் பேசும்.